ஜீப்பில் பேசிய வாட்ச்

பதினாலாம் நம்பர் வீட்டு ஸ்மார்ட் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதை மட்டும் ஒட்டுக்கேட்கலாம் என்பது கோர்ட்டு உத்தரவு. இன்ஸ்பெக்டர் வீரபத்திரனோ, "சட்டமெல்லாம் எனக்குச் சொல்லாதே, தெரு முழுக்கக் கேளு" என்று அதட்டினார்.

ஒப்பந்த டெக்னீஷியன் தில்லைக்கரசி வாதாடவில்லை. இன்ஸ்பெக்டர் தெருமுனையில் ஜீப்பில் காவல் இருக்க, அவள் மதியம் முழுக்கத் தெருவையே கேட்டாள். எஸ்.பி.க்குப் போகவேண்டிய அறிக்கையை அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினாள்.

முதல் வரி: 'தெருமுனை ஜீப்பில் ஒரு ஸ்மார்ட் வாட்ச், போனுக்குச் சொன்னது: இரண்டு முதல் மூன்றரை வரை ஆழ்ந்த தூக்கம்.'

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். "இதை மட்டும் எடுத்துடும்மா."

"ஒண்ணை மட்டும் எடுத்தா தப்பு சார். உத்தரவுல இல்லாத எல்லாத்தையும் எடுத்தா சரி."

அவர் வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டார். "பதினாலாம் நம்பர் மட்டும் போதும்."

"ஜட்ஜும் அதைத்தான் எழுதியிருக்கார் சார்."