ஒரு பக்கம் மட்டும்

எருக்கம்பாறை ஆட்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். இருக்கிறது. கசங்காமல், அழுக்குப் படாமல், கடவுள் கொடுத்த அன்று இருந்தபடியே இருக்கிறது. அதிலும் அந்த ஊர் எழுத்தாளர் மன்றத்தார் தங்கள் மூளையை உறைகூடப் பிரிக்காமல் பத்திரமாக வைத்திருப்பவர்கள்.

மன்றத்தில் மொத்தம் நான்கு பேர். தலைவர் வெயிலுகந்தான், துணைத்தலைவர் இருளப்பன், செயலாளர் கொம்பையா. அதோடு பதவிகள் தீர்ந்துபோனதால் ஆவுடையப்பன் வெறும் உறுப்பினர். கூட்டத்தில் சந்தேகம் கேட்பது அவர் வேலை. அவரைப் பேசவிடாமல் உட்கார வைப்பது மற்ற மூவரின் வேலை. இப்படியே மன்றம் பதினோரு வருஷம் சிறப்பாக நடந்துவந்தது.

வம்பு தலைவரின் மைத்துனர் சங்கரபாண்டி ரூபத்தில் வந்தது. அவர் கோழி வளர்ப்பைப் பற்றி அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு புத்தகம் போட்டார். கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. மாலை, பொன்னாடை, எல்லோருக்கும் கேசரி. வாழ்த்திப் பேசப் போன தலைவர் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த மைத்துனரைப் பார்த்தார். வயிறு எரிந்தது. மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்த ஆடி ஒண்ணாந்தேதிக்குள்ள என் நாவலை ஒரு பதிப்பகம் ஏத்துக்கிடலைன்னா, இந்த மீசையை எடுத்திருதேன்."

கூட்டம் கைதட்டியது. அது சாதாரண மீசை அல்ல. இருபத்தாறு வருஷமாக நல்லெண்ணெய் குடித்து வளர்ந்த மீசை. அதைப் பார்த்துத்தான் பஸ் கண்டக்டர் அவரைச் சார் என்பார். அதை விட்டால் ஊர் தன்னை மதிக்க வேறு காரணம் எதுவும் இல்லை என்பது தலைவருக்கே தெரியும். வீட்டுக்கு வந்து மீசையைக் கையால் மறைத்துக் கண்ணாடியைப் பார்த்தபோது பயந்துபோனார்.

பயம் நன்றாக வேலை வாங்கும். ஐந்தே மாதத்தில் தன் வாழ்க்கையையே நாவலாக எழுதி முடித்தார். கதாநாயகன் பெயர் வெயிலுகந்தான். நாவலின் பெயர் 'வெயிலுகந்தான் வாழ்கிறான்'. தன்னடக்கம் காரணமாகக் கடைசி அத்தியாயத்தில் மட்டும் ஊரார் அவருக்குச் சிலை வைக்கவில்லை, வைப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

சென்னையில் ஒரு பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டதில் ஐந்து விதிகள் அச்சடித்த ஒரு தாள் வந்தது. நல்ல, தெளிவான விதிகள். ஒரு குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். துரதிர்ஷ்டவசமாக மன்றத்தில் குழந்தைகள் யாரும் இல்லை.

"விதி ஒண்ணு," என்று கொம்பையா வாசித்தார். "தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதவும். மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். விதி ரெண்டு. எழுதியவர் யார் என்று பிரதியைப் பார்த்தால் தெரியக் கூடாது. அவர் பெயர் எங்கும் இருக்கக் கூடாது. பெயரைத் தனித் தாளில் எழுதவும்."

"யாருன்னு தெரியக் கூடாதா?" என்றார் இருளப்பன். "அப்ப கையெழுத்து? தலைவரு கையெழுத்தைப் பாத்தா நம்ம ஊர்ல தெரியாதவன் உண்டா?"

"பதிப்பகம் சென்னையிலல்லா இருக்கு?" என்றார் ஆவுடையப்பன்.

"உக்காரும்வே," என்றார்கள் மூவரும்.

எனவே நான்கு பேரும் அத்தியாயங்களைப் பங்கு போட்டுக்கொண்டு இடது கையால் மூன்று மாதம் பிரதி எடுத்தார்கள். எழுத்து அருமையாக வந்தது. எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. எழுதியது என்னவென்றும் யாருக்கும் தெரியாது. முடித்ததும் கொம்பையா சவர பிளேடை எடுத்தார். வெயிலுகந்தான் என்று வந்த இடங்களையெல்லாம் கட்டம் கட்டமாக வெட்டி எடுத்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்கள். தலைப்பில் 'வாழ்கிறான்' மட்டும் மிஞ்சியது.

"வெட்டுததுக்கு, பேரை எழுதாமலே விட்டிருக்கலாமே?" என்றார் ஆவுடையப்பன்.

கொம்பையா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "எழுதாத பேரை எப்பிடிவே எடுக்க முடியும்? முதல்ல இருந்தாத்தானே இல்லாம ஆக்கலாம்?"

பிறகு பெயரைத் தனித் தாளில் எழுதினார்கள். அது தனியாகவே இருக்க வேண்டும் என்பதால் கொம்பையா வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

அடுத்து விதி ஒன்று. இருளப்பன் ஒரு தாளை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துப்போனார். "அண்ணாச்சி, மோசம் போச்சு. பின்பக்கமும் எழுத்துத் தெரியுது."

எல்லோரும் பார்த்தார்கள். மை ஊறி நிழல் அடித்தது. மறுபக்கம் காலியாக இல்லை. தலைவரின் கை தானாக மீசைக்குப் போனது. மூன்று மணி நேரம் விவாதித்து, ஒவ்வொரு தாளின் பின்னாலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிடுவதென்று தீர்மானம் போட்டார்கள். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்களைப் போல அண்டா நிறைய மைதாப் பசை காய்ச்சி, இருநூற்று எண்பது தாள்களையும் ஒட்டிக் காயப் போட்டார்கள். காய்ந்ததும் நாவல் பலகை பலகையாக நின்றது. எறும்புகள் கூட்டமாக வந்து படித்தன. எருக்கம்பாறையில் அந்த நாவலை ரசித்தது அவை மட்டும்தான்.

விதி நான்கு, ஆசிரியரின் சொந்த முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை வேண்டும் என்றது. காடாத் துணியில் மெத்தை உறை அளவுக்கு ஓர் உறை தைத்து, தலைவர் வீட்டு முகவரி ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மன்றத்தின் முகவரியை அதே இடது கையால் எழுதி, தபால்தலைகளை ஒட்டி, நாவலை உள்ளே போட்டுத் தைத்துவிட்டார்கள்.

"பதிப்பகத்து முகவரியை எழுத வேண்டாமா?" என்றார் ஆவுடையப்பன்.

"விதியில காட்டும்," என்றார் கொம்பையா. "அவங்க முகவரியை எழுதணும்னு அஞ்சு விதியில எங்கயாவது போட்டிருக்கா? நம்ம முகவரியத்தான் எழுதச் சொல்லியிருக்கு. நாமளா எதையாவது சேத்து எழுதித் தலைவரு மீசைக்கு ஆபத்து வந்தா நீரு பொறுப்பு ஏத்துக்கிடுவீரா?"

அவர் ஏற்கவில்லை. உட்கார்ந்தார்.

விதி மூன்றைத்தான் விட்டுவிட்டேன். பிரதியை மடிக்கக் கூடாது. கையில் தூக்கினால் நடுவில் வளையும், வளைவது மடிப்பின் ஆரம்பம் என்று இருளப்பன் எச்சரித்தார். ஆகவே ஒரு கயிற்றுக் கட்டிலில் உறையைக் கிடத்தி, தூசி படாமல் வெள்ளை வேட்டியால் மூடி, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, பக்கத்து ஊர் தபாலாபீசுக்கு ஊர்வலமாகப் புறப்பட்டார்கள்.

வழியில் சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றார்கள். டீக்கடையில் ரேடியோவை நிறுத்தினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிலர் பின்னாலேயே நடந்தார்கள். ஒரு பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இருளப்பன் பக்கத்தில் வந்தார்.

"என்ன வயசு தம்பி?"

"எட்டு மாசம் அண்ணாச்சி."

பெரியவர் கட்டிலின் நீளத்தைப் பார்த்தார். "எட்டு மாசத்துக்கு இம்புட்டுப் பெரிசா?"

"எல்லாம் பசை போட்டு ஒட்டினது."

பெரியவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தபாலாபீஸ் போய்ச் சேர்ந்தபோது பின்னால் நாற்பது பேர் இருந்தார்கள், ஒரு சங்கும் இருந்தது. கவுண்டரில் இருந்த அம்மா முகவரியைப் படித்துவிட்டு ஏதோ கேட்க வாயெடுத்தார். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். முத்திரையைக் குத்தினார்.

ஒரு வாரம் கழித்து, பங்குனிக் கடைசியில், மன்றத்துக்கு ஒரு பெரிய பார்சல் வந்தது. தபால்காரர் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து, ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். நால்வரும் பிரித்தார்கள். உள்ளே ஒரு நாவல். யார் எழுதியது என்று போடவில்லை. கையெழுத்தும் யாருடையது என்று தெரியவில்லை.

"யாரோ ஒரு அப்பாவி நம்மளைப் பதிப்பகம்னு நெனைச்சு அனுப்பியிருக்கான்," என்றார் தலைவர். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "படிச்சு முடிவு சொல்லணும்லா? விதி அஞ்சு என்ன?"

"முடிவு மூன்று மாதத்தில் தெரிவிக்கப்படும். அதுவரை யாரும் விசாரிக்கக் கூடாது," என்று கொம்பையா வாசித்தார்.

ஆகவே மூன்று மாதமும் அந்த நாவலைப் பற்றி ஒருவரையொருவர் விசாரிக்காமல் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். 'வாழ்கிறான்' என்ற தலைப்பைப் பார்த்ததும் "யாரு?" என்று கேட்கப்போன ஆவுடையப்பன் விதியை நினைத்து வாயை மூடிக்கொண்டார். ஆனிக் கடைசியில் தேர்வுக்குழுக் கூட்டம் கூடியது.

"நவீன எழுத்து," என்றார் இருளப்பன். "கதாநாயகனுக்குப் பேரே கிடையாது. பேரு வர வேண்டிய இடத்துல வெள்ளைக் கட்டம். மனுசனோட வெறுமையைக் காட்டுதான்."

தலைவர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "வெறுமையுமில்ல, வேப்பங்காயுமில்ல. இது என் கதைவே. நான் கிணத்துல விழுந்தது, சைக்கிள் பழகினது, எனக்குச் சிலை வைக்கப் பேசினது, எல்லாம் இருக்கு. எந்தப் பயலோ திருடிட்டான். என் பேரை மட்டும் வெட்டி எடுத்திருக்கான்."

சபையே அதிர்ந்தது. கொம்பையா உடனே ஒரு கடிதம் தீட்டினார். நடுநிலையான குழுவில் யார் எழுதினார் என்று தெரியக் கூடாதென்று அதையும் இடது கையால் எழுதினார். 'இந்நாவல் எருக்கம்பாறை வெயிலுகந்தான் அவர்களுடையது என்பது உலகறிந்த உண்மை. எனவே தங்கள் பிரதியை ஏற்க இயலாது.'

"எந்த முகவரிக்கு அனுப்புதது?" என்றார் தலைவர்.

"உறையில இருக்கது அனுப்பினவன் முகவரிதான். விதி நாலு," என்றார் கொம்பையா.

ஆவுடையப்பன் உறையை உற்றுப் பார்த்தார். "இது நம்ம மன்றத்து முகவரியில்லா?"

மூவரும் உறையை வாங்கிப் பார்த்தார்கள். பிறகு கொம்பையா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அப்ப திருடன் இங்கதான் குடியிருக்கான்."

கட்டிலுக்கடியில் பார்த்தார்கள். அலமாரிக்குள் பார்த்தார்கள். ஆள் அகப்படவில்லை. கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, மன்றத்துக்குப் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டார்கள்.

ஆடி ஒன்றாம் தேதி காலையில் சங்கரபாண்டி சலூன்காரர் மாடசாமியை ஸ்கூட்டரில் உட்கார வைத்துக்கொண்டு மன்றத்துக்கு வந்தார். ஊரே வாசலில் நின்றது. தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதிகாலையிலேயே மீசைக்குக் கடைசியாக ஒருமுறை எண்ணெய் தடவியிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"என்ன அத்தான், கடுதாசி வந்துச்சா?" என்றார் சங்கரபாண்டி.

அந்த நேரம் பார்த்துத் தபால்காரர் மணியடித்தார். கொம்பையா ஓடிப்போய் வாங்கிப் பிரித்து ஊரார் முன்னால் உரக்க வாசித்தார். 'இந்நாவல் எருக்கம்பாறை வெயிலுகந்தான் அவர்களுடையது என்பது உலகறிந்த உண்மை. எனவே தங்கள் பிரதியை ஏற்க இயலாது.'

"ஆகா, என்ன நடை," என்றார் கொம்பையா. "சென்னைக்காரன் சென்னைக்காரன்தான்."

"ஏத்துக்கிடலைன்னு எழுதியிருக்கான். மீசையை எடுக்கணும்," என்றார் சங்கரபாண்டி.

"உலகறிந்த உண்மைன்னும்லா எழுதியிருக்கான்? எடுக்கக் கூடாது," என்றார் இருளப்பன்.

வெயில் ஏறியது. மாடசாமி கத்தியை மூன்று முறை தீட்டிவிட்டார். கடைசியில் ஆவுடையப்பன் எழுந்தார். பழக்கத்தில் மூவரும் அவரை உட்காரச் சொன்னார்கள். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் உட்காரவில்லை.

"விதி ஒண்ணை மறந்துட்டிய. ஒரு பக்கத்துல மட்டும் இருக்கலாம். மறுபக்கம் காலியா இருக்கணும்."

தலைவர் எழுந்து வந்து அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மாடசாமி இடது பக்க மீசையை மழித்தார். வலது பக்கம் அப்படியே கம்பீரமாக நின்றது. சங்கரபாண்டி ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். மாடசாமியை ஏற்றிக்கொள்ள மறந்துவிட்டார்.

அன்று மாலை தலைவர் ஒரு பக்க மீசையை முறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். இருளப்பன் அவரை வழிமறித்து, வெயிலுக்கு நேராக நிறுத்தி, மழித்த பக்கத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மழித்த இடத்தில் கறுப்பாக நிழல் அடித்தது.

"அண்ணாச்சி, மோசம் போச்சு. இந்தப் பக்கமும் லேசாத் தெரியுது."

இப்போதும் எருக்கம்பாறைப் பக்கம் போனால் அவரைப் பார்க்கலாம். வலது பக்கம் மீசை இருக்கும். இடது பக்கம் ஒரு வெள்ளைத் தாள், மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கும்.