வாசலில் கொட்டிய உரம்

கால்வாயில் தோண்டிய கருஞ்சேற்றை எங்கே கொட்டினார்கள்? கரையோரக் குடிசைகளின் வாசலில்தான். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண். அந்தச் சேற்றை அள்ளிப்போக லாரி கேட்டு நின்றாள் அங்கே குடியிருக்கும் துப்புரவுக்காரி பவுனம்மா.

பார்வையிட வந்த கலெக்டரிடம் பொறியாளர் குணசீலன் சிரித்தார். "லாரி எதுக்கு சார்? காஞ்சா நல்ல உரம். இதுங்களுக்குச் சும்மா கிடைச்சிருக்கு."

பவுனம்மா கூடை நிறையச் சேற்றை அள்ளிக்கொண்டுபோய் குணசீலனுடைய காரின் கதவைத் திறந்தாள்.

"இம்மாம் நல்ல உரத்த நாங்களே வச்சிக்கினா நாயமா சார்? உங்க வூட்டுத் தோட்டத்துக்கு எடுத்துனு போங்க."

"ஏய், வைக்காதே! அது விஷம்! என் பேரன் அங்கதான் விளையாடுவான்!"

கலெக்டர் திரும்பிப் பார்த்தார். சேற்றுக் குவியல்மேல் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"லாரி எப்போ சார் வரும்?" என்றாள் பவுனம்மா, கூடையை இறக்காமலே.