உடும்பார் நட்ட கற்கள்

ஒரு காட்டில் ஓர் ஓடை ஓடிக்கொண்டிருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் மேடு. பள்ளத்தில்தான் புல் அதிகம். அதனால் சின்ன மிருகங்கள் எல்லாம் அங்கேயே வளை தோண்டிக் குடியிருந்தன.

வெயில் காலத்தில் கவலை இல்லை. ஐப்பசி பிறந்தால் ஓடை பெருகிப் பள்ளத்துக்குள் வரும். பெரிய மிருகங்கள் தண்ணீரில் இறங்கி மேட்டுக்குப் போய்விடும். சின்னவற்றால் முடியாது. ஒவ்வொரு மழைக்கும் சில குட்டிகள் குறையும்.

அந்தப் பள்ளத்துக்கு ஓர் உறுப்பினர் இருந்தார், குழந்தைகளே. அவர் ஓர் உடும்பு. மலை உச்சியில் கூடும் சபைக்குப் பள்ளத்தின் சார்பாகப் போய் வருவது அவர் வேலை. எல்லாரும் மரியாதையாக உடும்பார் என்றே சொல்வார்கள்.

உடும்பின் குணம் உங்களுக்குத் தெரியும். பிடித்தால் விடாது. இளவயதில் ஒரு கிழட்டுக் கீரியைத் தோற்கடித்து அந்த இடத்தைப் பிடித்தவர், பிறகு விடவேயில்லை. நரி எதிர்த்து நின்றது. தோற்ற மறுநாளே அவருக்குச் செயலாளர் ஆகிவிட்டது. மயில் நின்றது. ஆட்டம் பார்க்கப் பள்ளமே கூடியது. ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் போய் உடும்பாருக்கே புங்கங்கொட்டை போட்டார்கள். அங்கே ஓட்டு என்றால் புங்கங்கொட்டை. வேண்டியவருடைய மரப்பொந்தில் போட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

மலைச் சபையில் கரடிகள் ஆண்டபோது உடும்பார் கரடிகளைப் பார்த்து உட்கார்ந்தார். காட்டெருதுகள் ஆட்சிக்கு வந்தபோது இடம் மாறவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

ஆனாலும் பள்ளத்துக்கு அவரைப் பிடித்திருந்தது. எந்த வளையில் குட்டி பிறந்தாலும் வாசலுக்கு வந்து பெயர் வைத்தார். எந்த வளையில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். வெள்ளத்தில் போன குட்டிகளுக்கும் வந்து அழுதார்.

ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்பு ஓடைக்குப் பாலம் கட்ட ஓர் அடிக்கல் நாட்டுவார். மலையடிவாரத்திலிருந்து கல்லை உருட்டி வருவது காட்டுப்பன்றியின் வேலை. பன்றியின் குணம் பசி. ஒரு கல்லுக்கு ஒரு வாய் கிழங்கு கிடைத்தால் போதும், எதற்கு என்று கேட்காது. கல்லைக் கரையில் நிறுத்தி, காட்டு மஞ்சளை அரைத்துப் பூசி, பொட்டு வைத்து, கொன்றைப் பூவைச் சாத்துவார்கள். கடைசியில் உடும்பார் நாலு காலாலும் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சபதம் செய்வார்.

"பாலம் வரும்வரை இந்தக் கல்லை விடமாட்டேன்!"

மேலே பறந்தபடி அவருடைய அறிவிப்பாளர் மைனா கைதட்டச் சொல்லும். எல்லாரும் தட்டுவார்கள். கூட்டம் கலைந்ததும் உடும்பாரும் இறங்கிப் போய்விடுவார்.

"பொட்டு வைத்த கல். யாரும் தொடக் கூடாது. தொட்டால் பாலம் வராது" என்று மைனா வளை வளையாகச் சொல்லிக்கொண்டு போகும். அதனால் யாரும் தொடவில்லை. போகப் போக, குட்டி வைத்திருக்கும் தாய்கள் வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கற்களைச் சுற்றி வந்து கும்பிட ஆரம்பித்தன.

அப்படிச் சுற்றியவர்களில் ஒரு முயலும் உண்டு. அதன் குணம் பயம். இலை விழுந்தால் பயம், விழாமல் ஆடிக்கொண்டிருந்தால் அதைவிடப் பயம். போன மழையில் பக்கத்து வளைக் குட்டி தண்ணீரோடு போனதைக் கண்ணால் பார்த்திருந்தது. இந்த வருஷம் அதற்கே ஒரு குட்டி பிறந்திருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் அது குட்டியோடு கற்களைச் சுற்றிக்கொண்டிருந்தது. மலையில் எங்கோ மழை. சத்தம் கேட்பதற்குள் தண்ணீர் கரையேறிவிட்டது. வளைக்கு ஓட நேரமில்லை. முயல் குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, கைக்கெட்டிய உயரத்தில் தாவி ஏறியது.

ஏறிய பிறகுதான் தெரிந்தது, அது அடிக்கல்.

பாவம் செய்துவிட்டோம் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டது. பக்கத்திலிருந்த புதரை வெள்ளம் வேரோடு கொண்டுபோனது. கல் அசையவில்லை. தண்ணீர் வடிந்ததும் முயல் கண்ணைத் திறந்து காலடியில் இருந்த கல்லைப் பார்த்தது. பிறகு ஓடையைப் பார்த்தது. பிறகு கரையில் வரிசையாக நின்ற மற்ற கற்களைப் பார்த்தது.

அது நேராகப் பன்றியிடம் போனது.

"மாமா, இந்தக் கல்லையெல்லாம் நீங்கதானே உருட்டிட்டு வந்தீங்க?"

"நான்தான். அதுக்கென்ன இப்போ?"

"இன்னும் கொஞ்சம் உருட்டணும். ஓடைக்குள்ள."

பன்றி மூக்கை நிமிர்த்தியது. "பொட்டு வச்ச கல்லு, தாயி. தொட்டா பாலம் வராதுன்னு மைனா சொல்லியிருக்கு."

"இத்தனை வருஷமா தொடாமத்தானே இருந்தோம். வந்துதா?"

பன்றி யோசித்தது. யோசித்துப் பழக்கமில்லாததால் அதற்குச் சீக்கிரம் பசித்தது.

"கிழங்கு?"

"கல்லுக்கு அடியிலேயே இருக்கு. அங்க யாரும் இதுவரைக்கும் மூக்கு வச்சதில்லை. கோரைக்கிழங்கு ஊறிக் கிடக்கும்."

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

பன்றி ஒவ்வொரு கல்லாகக் கெல்லியது, கிழங்கைத் தின்றது, கல்லை ஓடைக்குள் தள்ளியது. முயல் கரையில் நின்று, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று நடுங்கிக்கொண்டே வழி சொன்னது. கற்கள் ஒரு தாவல் இடைவெளியில் வரிசையாக நின்றன.

கடைசியில் ஒரு கல் குறைந்தது. அந்தக் கரைக்கு முன்னால் இரண்டு தாவல் தூரம். முயல் தாண்டிவிடும். குட்டி தாண்டாது.

"மலையடிவாரத்திலிருந்து இன்னொண்ணு கொண்டுவர முடியுமா, மாமா?"

"நாளைக்கே வருது. தேர்தலாச்சே. உடும்பார் ஒரு கல்லு சொல்லியிருக்கார்."

"அப்போ சரி" என்றது முயல். அன்று ராத்திரி முழுக்க அது குட்டியை விட்டு நகரவில்லை.

மறுநாள் வானம் கறுத்திருந்தது. மைனா முன்னால் பறந்து வந்தது. "வருகிறார், வருகிறார்! நம் வீட்டு நல்லது கெட்டதில் முன்னால் நிற்பவர் வருகிறார்!"

கல்லோடு பன்றி வந்தது. பின்னால் உடும்பார் வந்தார். கரையைப் பார்த்தார். கல் இருந்த இடமெல்லாம் குழி.

"என் கற்கள் எங்கே?"

கூட்டத்தில் ஒரு கீரி சொன்னது: "எங்கேயும் போகலை தலைவரே. கொஞ்சம் முன்னேறியிருக்கு."

உடும்பார் ஓடையைப் பார்த்தார். எத்தனையோ தேர்தல் கண்டவர். நாக்கை ஒருமுறை நீட்டி உள்ளே இழுக்கும் நேரம்தான் அவருக்குத் தேவைப்பட்டது.

"பார்த்தீர்களா? பாலம் வரும் என்று சொன்னேன், வந்துகொண்டே இருக்கிறது."

மைனா கைதட்டச் சொன்னது. புதுக் கல்லுக்கு மஞ்சள் பூசினார்கள், பொட்டு வைத்தார்கள். உடும்பார் நாலு காலாலும் கட்டிப் பிடித்தார். "பாலம் வரும்வரை இந்தக் கல்லை விடமாட்டேன்!"

அதற்குள் ஓடை கலங்கலாகி விட்டது. முயல் குட்டியோடு அவர் முன்னால் வந்து நின்றது.

"தலைவரே, ஒரே ஒரு கல்தான் குறையுது. இதை அங்க போட்டுட்டா எல்லாக் குட்டியும் தாண்டிடும்."

"அடிக்கல்லை யாராவது ஓடையில் போடுவார்களா, தாயே? முறை என்று ஒன்று இருக்கிறது. முதலில் கரையில் நடுவோம். பிறகு சபையில் பேசுகிறேன்."

"தண்ணி ஏறுது, தலைவரே."

"சபை தை மாதம்தான் கூடும்."

முயல் குட்டியைப் பார்த்தது. பிறகு பன்றியைப் பார்த்தது.

"மாமா, அவர் விடமாட்டார். சேர்த்தே தள்ளுங்க."

"கிழங்கு?"

"மேட்டுல எனக்கு இடம் தெரியும்."

பன்றி மூக்கைக் கொடுத்துத் தள்ளியது. உடும்பார் குதித்து இறங்கியிருக்கலாம். ஆனால் பள்ளம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. செய்த சபதத்தின் ஈரம் இன்னும் காயவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் உடும்பு. அவருக்கு நீந்தத் தெரியும், விடத்தான் தெரியாது.

கல் சறுக்கிக்கொண்டே போய்க் கடைசி இடைவெளியில் நின்றது. கல்லின் மேல் உடும்பார் நின்றார், தலையும் முதுகும் மட்டும் தண்ணீருக்கு மேலே.

முயல் குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் தாவியது. ஒரு கல், இன்னொரு கல். கடைசியில் குட்டி உடும்பாரின் முதுகில் கால் வைத்து மேட்டில் குதித்தது.

"மன்னிச்சுக்கோங்க தலைவரே" என்று சொல்லிவிட்டு முயலும் அதே முதுகில் மிதித்து ஏறியது.

கீரிக் குட்டிகள் வந்தன. எலிக் குஞ்சுகள் வந்தன. முள்ளம்பன்றிக் குட்டிகள் வந்தபோது உடும்பார் கண்ணை மூடிக்கொண்டார். மைனா சுற்றிச் சுற்றிப் பறந்துவிட்டு, "தலைவர் பாலத்தைத் தாங்குகிறார்!" என்று கத்தியது.

அன்று இருட்டுவதற்குள் பள்ளம் முழுகியது. அந்த மழைக்கு ஒரு குட்டியும் குறையவில்லை.

தேர்தல் மேட்டில் நடந்தது. உடும்பார் முதுகைத் திருப்பிக் காட்டி ஓட்டுக் கேட்டார். "உங்களைச் சுமந்த முதுகு இது."

எல்லாரும் தலையாட்டினார்கள். முயல் தன் புங்கங்கொட்டையை எடுத்துக்கொண்டு உடும்பாரின் பொந்தைக் கடந்து போய், அடுத்த மரத்துப் பொந்தில் போட்டது. பின்னால் வந்தவர்களும் அங்கேயே போட்டார்கள்.

அது பன்றியின் பொந்து. பன்றி தேர்தலில் நிற்கவில்லை, கிழங்கு சேர்த்து வைத்திருந்தது. சாயங்காலம் பசியோடு வந்து உள்ளே மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு, "என் கிழங்கு மேல யாரு இத்தனை கொட்டையைக் கொட்டினது?" என்று கேட்டது.

நீதி: கரையில் நட்ட கல் கும்பிடத்தான் ஆகும், ஆற்றில் இட்ட கல்லே அக்கரை சேர்க்கும்.