வெறுங்கூடை

நாமக்கல்லில் ஒரு மாடி வீட்டுச் சமையலறைக்கு ஒரு நாள், எண்ணெய் ஊற்றாமல் சூடான காற்றை ஊதியே வறுக்கும் ஏர் ஃப்ரையர் ஒன்று வந்து சேர்ந்தது. கறுப்பு நிறம், வழவழப்பான உடம்பு, வயிற்றில் இழுத்துத் தள்ள ஒரு கூடை, தலையில் நேரம் வைக்க ஒரு திருகு. லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த குழந்தைவேலு அதைத் தன் மனைவி கோகிலாவுக்காக வாங்கி வந்திருந்தான்.

"இனி நீ அடுப்புகிட்ட நின்னு நோகவே வேண்டாம் கோகிலா. கறியப் போடு, திருகி வுடு, உக்காந்துக்க. அது பாட்டுக்கு வெந்துரும்" என்றான்.

நல்ல மனசோடுதான் சொன்னான், அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அந்த வீட்டில் அந்தப் பேச்சை அப்படியே நம்பிய ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது அந்தப் பெட்டி.

கோகிலா பள்ளிக்கூட ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிப் போனதும் பெட்டி மற்ற சாமான்களைப் பார்த்து, "வணக்கமுங்க. நான் அந்தம்மாவை உக்கார வைக்க வந்திருக்கேன்" என்று தன்னை அறிமுகம் செய்துகொண்டது.

பரணிலிருந்து ஒரு வறட்டுச் சிரிப்பு கேட்டது. தூசி படிந்து கிடந்த சப்பாத்தி மேக்கர்.

"நானும் அதுக்குத்தான் வந்தேன்" என்றது.

"நானும்" என்றது அதன் பக்கத்தில் கிடந்த காய் நறுக்கும் மெஷின்.

அடுப்பின் மேல் இரும்பு வடச்சட்டி உட்கார்ந்திருந்தது. எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்த உடம்பு. யாரையும் எளிதில் நம்பாத சுபாவம். "ஏம்ப்பா ஊதுற பெட்டி, அந்த மூலையில ஸ்டூல் நிக்குது பாரு. அவ உக்கார்ற சங்கதியை அதுகிட்டக் கேளு" என்றது.

நீல பிளாஸ்டிக் ஸ்டூல் கூச்சத்தோடு பேசியது. "என்னை உக்காரத்தானுங்க செஞ்சாங்க. ஆனா என்மேல உக்காந்திருக்கறது இந்த வெங்காயக் கூடை. பரண்ல எதையாச்சும் வைக்கணும்னா அந்தம்மா என்மேல ஏறி நிக்கும். உக்காந்ததில்லீங்க."

"இனிமே உக்காருவாங்க" என்றது பெட்டி.

"பந்தயமா?" என்றது வடச்சட்டி. "உன்னால அவ ஒரு தடவை அந்த ஸ்டூல்ல உக்காந்துட்டா, நான் பரணுக்குப் போயிர்றேன். இல்லாட்டி நீ போ."

பெட்டி யோசிக்காமல் சரி என்றது. புதுசு அல்லவா, அப்படித்தான் இருக்கும்.

அன்று முதல் அது உயிரைக் கொடுத்து உழைத்தது. கறியோ கிழங்கோ, கொடுத்ததை மொறுமொறுவென்று திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் கோகிலா திருகிவிட்டுத் திரும்பும்போது அது ஆசையாக ஸ்டூலைப் பார்க்கும். கோகிலா ஸ்டூலைத் தாண்டிப் போய்விடுவாள். மொட்டை மாடியில் துணி காயப்போட, மகள் மிதுனாவின் சீருடைக்கு இஸ்திரி போட, மாவுக்கு அரிசி ஊற வைக்க. டிங் என்று மணி அடித்ததும் மூச்சிரைக்க ஓடி வருவாள். இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது மனிதர்கள் மட்டுமல்ல, வீடும்தான். பெட்டி மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தையெல்லாம் வீடு பிடுங்கித் தின்றுவிட்டது.

"நான் வறுக்கும்போது ஒரே எடத்துலயாச்சும் நின்னுட்டிருந்தா. நீ வந்து அவளை ஓட வெச்சுட்டயே" என்றது வடச்சட்டி.

உண்மை என்பதால் அது பெட்டிக்கு ரொம்பவும் வலித்தது.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. "திருகி வுடற வேலைதானே" என்று குழந்தைவேலு ராசிபுரத்திலிருந்து தன் அக்கா தெய்வானையைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்துவிட்டான். கறிக்கடையில் நின்று கோழித் தொடையாகப் பார்த்து, எலும்பை எடுக்கச் சொல்லி, கனத்த பையோடு வந்தான். கோகிலா தயிரும் மிளகாய்த்தூளும் இஞ்சி பூண்டும் போட்டுப் பிசறி வைத்தாள்.

அந்த வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பந்தி என்றால் எல்லா இலையிலும் கறி ஒன்றாக விழ வேண்டும். ஓர் இலையில் விழுந்து அடுத்த இலை காத்திருந்தால் போச்சு. அடுத்த விருந்து வரைக்கும் தெய்வானை அதையே சொல்லிக் காட்டுவாள்.

"பாதி பாதியாப் போட்டு எடுக்கலாமுங்க. நெறையாப் போட்டா அது வேகாது" என்றாள் கோகிலா.

"அக்கா இலையில வெச்சுட்டு மச்சான் இலைய வெறுசாப் போட்டா நல்லாருக்குமா? அல்லாத்தையும் ஒண்ணாப் போடு" என்ற குழந்தைவேலு, கறி முழுவதையும் தானே கூடையில் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தி, கூடையைத் தள்ளி மூடினான்.

உள்ளே தொடைக்கறித் துண்டுகள் திணறிப் போயின.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

"எங்க தள்றது? எலும்பு இருந்தாலாச்சும் நடுவுல ஒரு சந்து கெடைக்கும். அதையும் உருவிட்டாங்க. இப்பப் பாய அடுக்குன மாதிரி ஒட்டிக் கெடக்கோம்."

பெட்டி பதறியது. "எனக்குத் தெரிஞ்சது ஒரே வேலைங்க. சந்துல புகுந்து சுத்தி வர்றது. சந்தே இல்லாட்டி நான் எங்க போவேன்?"

"எங்ககிட்ட அழுது என்னப்பா ஆகப் போவுது?" என்றது அடித்துண்டு. அது ஏற்கெனவே கறி விட்ட தண்ணீரில் உட்கார்ந்திருந்தது.

பெட்டி வெளியே கோகிலாவைப் பார்த்தது. ஓர் அடுப்பில் ரசம் பொங்கியது, இன்னோர் அடுப்பில் முட்டை வெந்தது. கூடத்திலிருந்து ஒருவர் தண்ணீர் கேட்டார், மிதுனா சார்ஜர் கேட்டாள், குழந்தைவேலு இலை அறுத்தாச்சா என்றான். எல்லாரும் அவள் மேல் எதையாவது போட்டுக்கொண்டே இருந்தார்கள். இவளையும் யாரோ கூடையில் போட்டு அழுத்தி மூடிவிட்டார்கள் என்று பெட்டிக்குத் தோன்றியது. தன்னால் முடிந்த மட்டும் ஊதியது. மேலே படுத்திருந்தவை கருகின, நடுவில் இருந்தவை வெளிறின, அடியில் கிடந்தவை பச்சையாகவே ஊறின.

டிங்.

எல்லா இலையிலும் கறி ஒன்றாகத்தான் விழுந்தது. தெய்வானை ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மெல்ல மென்றாள்.

"ஏங் கண்ணு கோகிலா, காச்சக்காரனுக்கு அவிச்சுக் குடுக்கற மாதிரியல்ல இருக்குது?"

"கூடையில எடம் பத்தலைங்க நங்கையா" என்று நாத்தனாரிடம் சொன்னாள் கோகிலா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாமா" என்று தெய்வானை சொல்ல, பந்தியே சிரித்தது.

குழந்தைவேலுவும் சிரித்தான். "திருகி வுடறதுதான் வேலை. அதுகூட வரலையாட்ட இருக்குது" என்றான். கறியை அழுத்தி மூடிய அவன் கையில் மிளகாய்ச் சிவப்பு இன்னும் போகவில்லை. கோகிலா அதைப் பார்த்தாள். இலை இலையாகக் குனிந்து கறியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

வடச்சட்டி அந்த நாளுக்காகத்தான் காத்திருந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கியும் வைத்திருந்தது. அதில் எண்ணெய் காய்ந்து ஈரக் கறி விழுந்ததும் படபடவென்று தெறித்தது. கோகிலாவின் மணிக்கட்டில் இரண்டு துளி பட்டது. அவள் கையை உதறவில்லை, ஊதவுமில்லை. அடுத்த துண்டைப் போட்டாள். அதைப் பார்த்த வடச்சட்டி கேலி பேசும் எண்ணத்தையே விட்டுவிட்டது.

"ஜெயிச்ச மாதிரியே இல்லப்பா" என்று மட்டும் முனகியது.

கறி சிவந்தது. எல்லாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுக் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தார்கள்.

"அந்த மெஷினைத் தூக்கிப் பரண்ல போட்டுரு கோகிலா. தண்டம்" என்று படுத்தபடியே குழந்தைவேலு குரல் கொடுத்தான்.

பரணில் சப்பாத்தி மேக்கர் பெருமூச்சு விட்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. கோகிலா வெங்காயக் கூடையைத் தரையில் இறக்கிவிட்டு ஸ்டூலைப் பரணுக்கு நேராக இழுத்துப் போட்டாள். கழுவி வைக்கலாம் என்று பெட்டியின் கூடையை இழுத்தாள். அடியில் ஒரே ஒரு துண்டு ஒட்டிக் கிடந்தது. பாதி வெந்து, பாதி பச்சையாக. வடச்சட்டியில் வெந்ததில் ஒரு துண்டுகூட அவளுக்கு மிஞ்சியிருக்கவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்துக் கூடையின் நட்ட நடுவில் வைத்து, உள்ளே தள்ளி, திருகினாள்.

"தள்ளிப் படுக்கச் சொல்ல இங்க ஆருமே இல்லீங்களே" என்றது துண்டு, ஆச்சரியத்தோடு.

"நீங்க நிம்மதியாப் படுங்க" என்றது பெட்டி. அதன் காற்று துண்டின் மேலும் கீழும் நாலா பக்கமும் ஓடியது. வந்த நாளிலிருந்து இவ்வளவு தாராளமாக அது சுற்றியதே இல்லை. மிளகாயும் பூண்டும் சிவக்கும் வாசனை எழுந்தது.

வெங்காயக் கூடை இல்லாத ஸ்டூல் கோகிலாவுக்குப் பின்னால் காலியாக நின்றது. கால் கடுத்ததோ என்னவோ, அவள் அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சமையலறையில் ஒரு பாத்திரம்கூட அசையவில்லை. ஸ்டூல் அழுதுவிடும் போல இருந்தது.

டிங். அவள் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒரு துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். மொறுமொறுவென்று சத்தம் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"கோகிலா! மெஷினை வெச்சுட்டு அப்படியே காப்பி போட்டுரு. அக்கா கெளம்பணுமாமா."

"எனக்குச் சக்கரை கம்மியா கண்ணு."

"அம்மா, என் நீல சுடிதார் எங்கம்மா?"

கோகிலா எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். மணிக்கட்டில் எண்ணெய் பட்ட இடம் கொப்புளமாகியிருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தபடியே கையை நீட்டி, வெறுங்கூடையைப் பெட்டிக்குள் தள்ளி மூடினாள். திருகைக் கடைசி வரைக்கும் திருப்பினாள். பெட்டி ஹோவென்று ஊதத் தொடங்கியது.

"இன்னும் என்ன சத்தம் அங்க?" என்றான் குழந்தைவேலு.

"கறி கொஞ்சம் மிச்சமிருந்துதுங்க. வேகுது."

"ஆவறதுக்கு எத்தனை நேரமாவும்?"

"ஆகுமுங்க" என்றாள். சொல்லிவிட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

வடச்சட்டி மெல்ல எட்டிப் பார்த்தது. "ஏம்ப்பா, உள்ள ஒண்ணுமே இல்லையே! சரி, பந்தயம் உனக்குத்தான். பரணுக்கு நான்..."

"அதையெல்லாம் அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றது பெட்டி. "சத்தம் போடாதீங்க. அவங்க உக்காந்திருக்காங்க."

கூடையில் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. பெட்டி அதை அவசரமே இல்லாமல், அடி பிடிக்காமல், பக்குவமாக வேகவைத்துக்கொண்டிருந்தது.