வெள்ளைக் கலயம்

ராசாக்களுக்கு வேலை இல்லாத காலத்துல நடந்தது இது. வேலை இருந்த காலம் எதுன்னு கேக்காதீங்க.

புளியங்காட்டு ராசாவுக்கு ஓலைக்குடிக் கள்ளுக்கடை மேல உசுரு. அவரு பூட்டனுக்கும் முந்துன கடை. பனங்கட்டை உத்தரம், புகை ஏறிக் கறுத்த செவரு, உக்காந்து உக்காந்து வழவழன்னு ஆன மண் மேடை. அந்த மேடையில ஒரு மாப்பிள்ளை தூங்கிப் போயி, அவன் தம்பி தாலி கட்டிட்டான். அது வேற கதை. பொண்ணு நல்லாத்தான் இருந்தா.

கடைக்காரி இசக்கியம்மா. மாமியா விட்டுப்போனத ஒரு ஆணி மாத்தாம வச்சிருந்தா. பொழப்பே அதுதான்.

பிரதானி தில்லைநாயகத்துக்கு அது பொறுக்கல. கள்ளைத் தொட்டதில்ல, ஆனா கருத்து உண்டு. அவரு மாமியா ஆட்டுக்கல்லுக்கே சுண்ணாம்பு அடிச்சவ. அந்த வீட்டுச் சட்னியத் தின்னவனக் கேளுங்க. அந்தப் புத்தி மருமகனுக்கும் ஒட்டிக்கிச்சு. ராசா குடிக்கிற எடமா இது, இடிச்சுட்டு வெள்ளை மண்டபம் கட்டுவோம்னாரு. ராசா தலையாட்டினாரு. தலையாட்டுறதுதான அவரு ஆட்சி. ருசி மட்டும் மாறக் கூடாதுன்னாரு.

ருசியும் போதையும் இன்னும் ஏறும் மகாராசான்னு பிரதானி புதுக் கலயங்கள அனுப்பினாரு. உள்ளேயும் வெளியேயும் பளிச்சுனு சுண்ணாம்பு. இதத்தான் மரத்துல கட்டணும், ராசா குடிச்ச மறுநாள் செவரு இடியும்னு உத்தரவு.

கலயத்துக்குள்ள சுண்ணாம்பு பட்டா வடியிறது புளிக்காது, பதனியாவே நிக்கும். இனிக்கும், ஏறாது. பனங்காட்டுல கழுதைக்கும் தெரிஞ்ச சங்கதி. இசக்கியம்மா சொல்லப் போனா. அரமனை விகடன் கூத்தையன் தடுத்துட்டான்.

"சொல்லாத யக்கா. சொன்னா கலயத்த மாத்திப்புட்டு கடைய இடிப்பாரு. பெரிய மனுசன் சொன்னத அப்படியே செய்யி."

ராசா வந்தாரு. குனிஞ்சு நுழைஞ்சு, மேடையில உக்காந்து குடிச்சாரு. மறுபடியும் குடிச்சாரு. ஒண்ணும் ஏறல. வயசாகி நாக்குச் செத்துப்போச்சோன்னு பயந்து, பிரதானியவும் அவரு கூட்டத்தையும் குடிக்கச் சொன்னாரு.

"எப்படி இருக்கு, பிரதானியாரே?"

"பழைய கலயத்துல ஏது இந்த வீரியம், மகாராசா. தலை சுத்துது."

அதோட விட்டாரா. கால் பின்னப் பின்ன நடந்து காட்டினாரு. அவரு ஆடுறதப் பாத்து அதிகாரிங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சாங்க. ஒருத்தரு செத்துப்போன அத்தைய நெனச்சு அழவே செஞ்சாரு.

ராசா கூத்தையனப் பாத்தாரு. "இது என்னடா?"

"பதனி, மகாராசா. பிரதானியார் அனுப்பின சுண்ணாம்புக் கலயத்துல எறக்குனது."

பிரதானி தூக்கின கால எங்க வைக்கிறதுன்னு தெரியாம நின்னாரு. ராசா சிரிச்ச சிரிப்புல உத்தரத்துப் புகைக்கரி உதுந்து பிரதானி தலைப்பாகையிலயே விழுந்துச்சு. கடையில ஒரு துரும்ப எவன் தொட்டாலும் கையிருக்காதுன்னு இசக்கியம்மாவுக்கு வாக்குக் குடுத்தாரு. கூத்தையன் கையில தங்கக் கடகத்தப் போட்டாரு. அப்புறம் பிரதானிக்கு என்ன தண்டனை குடுக்கலாம்னு கேட்டாரு.

"தண்டனை எதுக்கு, மகாராசா," ன்னான் கூத்தையன். "போதை தெளியிற வரைக்கும் அரமனைப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லுங்க, போதும். குடிச்ச போதை விடிஞ்சா தெளியும். குடிக்காத போதை எப்பத் தெளியும்?"