ஸ்கேன் எடுக்காத பகல்

குருவுக்கு வயது நாற்பது, சீடருக்கு ஐம்பத்திரண்டு. ஆஸ்பத்திரியில் அப்படியும் நடக்கும், என்ன செய்ய!

அவசரப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிய டாக்டர் அருளப்பனை, குழந்தைகள் பிரிவுத் தலைவி தில்ஷாத்திடம் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். விதிமுறை மாறியிருந்தது. விழுந்து அடிபட்டு வரும் பிள்ளைக்கெல்லாம் உடனே தலை ஸ்கேன் எடுக்காதே, நினைவும் பேச்சும் தெளிவாக இருந்தால் நாலு மணி நேரம் கூடவே இருந்து கவனி என்றது புதுத் தாள்.

அன்று பதினோரு மணிக்கு அம்மா அப்பாவோடு நாலு வயது சர்வேஷ் வந்தான். கட்டிலிலிருந்து விழுந்து நெற்றியில் எலுமிச்சை அளவு புடைப்பு. ஒரு தடவை வாந்தி.

"சும்மா உக்காரச் சொல்றீங்களே, இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?" என்று கத்தினார் அவன் அப்பா ஏழுமலை.

"எடுத்துத் தொலைச்சிடலாமே மேடம். அஞ்சு நிமிஷ வேலை," என்றார் அருளப்பன்.

"ஸ்கேனோட எக்ஸ்ரே கதிர் வளர்ற மூளைக்குள்ள போகுது சார். தேவையில்லாம எதுக்கு? உக்காருங்க, பாத்துக்கலாம்."

"உள்ள ரத்தம் கசிஞ்சா?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் உக்கார்றோம். சந்தேகம் வந்தா அந்த நிமிஷமே எடுப்போம்."

அருளப்பன் அரை மணிக்கொரு தரம் கண்ணில் டார்ச் அடித்தார். பேர் கேட்டார். நடக்க விட்டுப் பார்த்தார். நடுநடுவே ஏழுமலையின் வசவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார். வயிறு பசித்தது, எழுந்து போக மனசு வரவில்லை.

ஒன்றரைக்குப் பிள்ளையின் கண் சொருகியது.

ஐயோ! அருளப்பன் ஸ்கேன் சீட்டில் கையெழுத்தைப் போட்டுக்கொண்டு தில்ஷாத்திடம் ஓடினார்.

தில்ஷாத் வந்து தாயிடம் கேட்டார்.

"தினம் இந்நேரம் என்னம்மா பண்ணுவான்?"

"பால்வாடியில சோறு தின்னுட்டுத் தூங்குவான் டாக்டர்."

"எழுப்புங்க சார்."

அருளப்பன் தோளைத் தொட்டு உலுக்கினார். அசைவில்லை. மறுபடி உலுக்கினார். சட்டென்று கண் விழித்த சர்வேஷ் அவர் வயிற்றில் ஓர் உதை விட்டான். "போ, நீ கெட்ட டாக்டரு! அம்மா, வீட்டுக்குப் போலாம்!" என்று அழுது ஊரைக் கூட்டினான்.

அருளப்பன் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

மூன்று மணிக்கு, மறுபடி வாந்தியோ மயக்கமோ வந்தால் உடனே தூக்கி வரும்படி சொல்லி அனுப்பினார்கள். அருளப்பன் நாற்காலியில் சரிந்தார். எழத் தெம்பில்லை.

"இருபது வருஷமா எத்தனையோ ஸ்கேனுக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் மேடம். ஒரு நாளும் இப்படி அலுத்துப் போனதில்ல. ஒண்ணும் செய்யாம இருக்கறதுக்கா இவ்வளவு களைப்பு?"

தில்ஷாத்தும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் களைப்பு அப்பவும் இருந்துச்சு சார். நம்மால சுமக்க முடியாதுன்னு ஸ்கேன் எடுத்துப் பிள்ளைங்க மேல இறக்கி வெச்சோம். நானுந்தான்."