ரீகமிட் பண்ண மாட்டேன்

ஜமீன் தோட்டத்தில் பலாப்பழம் ஒன்று காணாமல் போனது. மகளின் நிச்சயதார்த்தத்துக்கென்று ஜமீன்தார் ஆசையாக மரத்திலேயே விட்டுவைத்திருந்த பழம் அது. மானேஜர் தாண்டவராயர் உடனே தோட்டக்காரன் உச்சிமாகாளியை இழுத்து வந்து ஜமீன்தார் முன்னால் நிறுத்தினார்.

நாலு பேர் கூடிவிட்டால் தாண்டவராயருக்கு இங்கிலீஷ் வந்துவிடும். "இனி ரீகமிட் பண்ண மாட்டேன்னு எசமான் காலைத் தொட்டுச் சொல்லுடா. இல்லேன்னா இன்னையோட உனக்கு வேலை கிடையாது" என்றார்.

உச்சிமாகாளி தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டான். வேலை போனால் குடியிருக்கும் குடிசையும் போய்விடும். அதனால் பணிவாகவே கேட்டான்.

"அப்படின்னா என்னங்கய்யா?"

"செஞ்ச தப்பை மறுபடியும் செய்யுறதுடா!"

"முதல் தடவையே செய்யலியே, மறுபடியும்னு எப்படிய்யா சொல்ல? என் வாயில வரமாட்டேங்குது. நீங்க ஒருக்கா சொல்லிக் காட்டுங்க."

"இதுல என்னடா கஷ்டம்?" தாண்டவராயர் தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கச் சொன்னார். "நான் மறுபடியும் பலாப்பழம் திருட மாட்டேன்!"

கூடியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஜமீன்தாரும் சிரித்துக்கொண்டே, "அப்போ முதல்ல எப்போ ஓய் திருடினீர்?" என்றார்.

விளையாட்டாகக் கேட்டதுதான். ஆனால் மானேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. "அது வந்து... வீட்டுல ஆசைப்பட்டுக் கேட்டா, எசமான்... ஒரே ஒரு பழம்தான்..."

சிரிப்பு நின்றது. உச்சிமாகாளியை வேலையைப் பார்க்கப் போகச் சொல்லிவிட்டு, ஜமீன்தார் காலை நீட்டினார்.

"இப்போ தொட்டுச் சொல்லும். அந்த இங்கிலீஷ் உமக்குத்தான் பொருந்தும்."